ரோடு தோண்டி புது பைப் போட்டதுலேருந்து காலையில டீ கலர்ல தண்ணி வருது, குழந்தைக்குக் குடுக்கலாமா?

நீங்க கேட்டதை முதல்ல நான் புரிஞ்சுகிட்ட மாதிரி சொல்லிடுறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டை பக்கம் உங்க தெருவுல போன மாசம் ரோட்டை வெட்டி புது குடிநீர் பைப் போட்டாங்க, அதுலேருந்து காலையில முதல்ல வர்ற தண்ணி டீ கலர்ல இருக்கு, சில நாள் ஒரு மாதிரி வாடையும் அடிக்குது, தெருவுக்குத் தண்ணி திறந்து விடுற வால்வ்மேன்கிட்ட கேட்டா "பத்து நிமிஷம் திறந்து விடுங்கம்மா, சரியாயிடும்"னு சொல்லிட்டு சைக்கிள்ல ஏறிப் போயிடுறார், வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை இருக்கு, ஆர்ஓ மெஷின் வாங்கணுமா, இல்ல கேன் தண்ணிக்கே மாறிடணுமா. கலரைப் பத்திக் கேட்ட மாதிரி இருந்தாலும், அந்த மனுஷன் சொல்றதை நம்பலாமாங்கிறதுதான் உங்க மனசுல ஓடுதுன்னு எனக்குப் படுது. நான் 30 வருஷத்துக்கு மேல கடலூர், புதுச்சேரி பக்கம் குடிநீர் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவன், பள்ளத்துக்குள்ள இறங்கி பைப் பார்த்த ஆளு. உங்க வீட்டுக் கனெக்‌ஷனை நேர்ல பாக்காம எழுதுறேன்கிறதை மனசுல வச்சுக்கோங்க, எது நிச்சயம் எது ஊகம்னு அங்கங்க பிரிச்சே சொல்றேன்.

நிச்சயமானதுலேருந்து ஆரம்பிக்கலாம். புதுச்சேரி குடிக்கிறது கிட்டத்தட்ட முழுசும் நிலத்தடித் தண்ணி. பிரெஞ்சுக்காரங்க காலத்துலயே முத்திரையர்பாளையத்துலேருந்துதான் ஊருக்குள்ள தண்ணி கொண்டு வந்தாங்க, பாரதி பூங்கா நடுவுல நிக்குதே ஆயி மண்டபம், அது மூன்றாம் நெப்போலியன் காலத்துல அந்த வேலையோட ஞாபகமா கட்டினது, தன் வீட்டை இடிச்சுட்டு குளம் வெட்டின ஆயி கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இன்னைக்கும் முறை மாறல, மேற்கே கடலை விட்டுத் தள்ளி இருக்குற போர்வெல்லேருந்து எடுத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏத்தி அங்கேருந்து தெருவுக்கு விடுறாங்க, ஏன்னா கடலோரத்துல ரொம்ப உறிஞ்சி உறிஞ்சி உப்புத் தண்ணி உள்ள ஏறிடுச்சு. நமக்குத் தண்ணி குடுக்குற பாறை அடுக்குல முக்கியமான ஒண்ணுக்குப் பேரே கடலூர் மணற்பாறை. கோரிமேடு, ஆரோவில் பக்கம் செவப்பா மேடு மேடாத் தெரியுதே, திருவக்கரையில கல்லாப் போன மரம் கிடக்குதே, எல்லாம் அந்தப் பாறைதான். அந்தச் செவப்பு இரும்பு. அந்தப் பாறையிலேருந்து வர்ற தண்ணியில பல இடத்துல இரும்பு கரைஞ்சிருக்கும், போர்லேருந்து வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், காத்து பட்டதும் துருவா மாறி செம்பழுப்பு ஆகிடும்.

அந்தத் துரு பைப்போட அடிப்பக்கம் வருஷக்கணக்கா மெல்லிசாப் படிஞ்சுகிட்டே இருக்கும், பழைய வார்ப்பிரும்பு பைப்பா இருந்தா உள்பக்கச் சுவரே முண்டு முண்டாத் துருப்பிடிச்சுக் கிடக்கும், வெட்டி எடுத்துப் பாத்தீங்கன்னா ஆறு இஞ்ச் பைப்புல நாலு இஞ்ச்தான் வழி இருக்கும். தண்ணி தினமும் ஒரே பக்கமா, ஒரே வேகத்துல ஓடுற வரைக்கும் அது பேசாமப் படுத்திருக்கும். ரோட்டைத் தோண்டி, வால்வை மூடி, புது பைப்பைப் பழையதோட இணைச்சு, திரும்பத் திறந்துவிட்டா தண்ணி சில தெருவுல எதிர்ப்பக்கமாவே ஓட ஆரம்பிக்கும், வேகமும் மாறும், அவ்வளவு நாள் படிஞ்சது எல்லாம் கிளம்பி வந்துடும். உங்க வீட்டுல வர்ற டீ கலருக்கு இதுதான் காரணம்னு பெரும்பாலும் சொல்லலாம். இரும்பு வாயில கசக்கும், வெள்ளைத் துணியில கறை புடிக்கும், ஆனா விஷம் கிடையாது. வால்வ்மேன் பத்து நிமிஷம்னு சொன்னது இதை வச்சுத்தான், அந்த அளவுக்கு அவர் சொன்னது சரி.

வாடைதான் எனக்குக் கவலை. கலரையும் வாடையையும் ஒண்ணாக் கட்டி ஒரே பதில் சொல்லிட்டாரு பாருங்க, அங்கதான் தப்பு. ஒரு கண்ணாடி பாட்டில் எடுத்துக்கோங்க. தண்ணி வந்ததும் முதல் தண்ணியையே பாட்டில்ல புடிச்சு அரை மணி நேரம் ஆடாம வைங்க. அடியில செம்பழுப்பாப் படிஞ்சு மேல தெளிஞ்சா இரும்பு. பால் மாதிரி வெள்ளையா இருந்து அடியிலேருந்து மேல நோக்கித் தெளிஞ்சுகிட்டே வந்தா வெறும் காத்து, பயமே வேண்டாம். கறுப்பாவோ சாம்பல் கலரிலயோ இருந்து, பாட்டிலை மூடி வச்சுத் திறந்ததும் சாக்கடை வாடை அடிச்சுதுன்னா அன்னைக்கு அந்தத் தண்ணியை வாய் கொப்பளிக்கக்கூட எடுக்காதீங்க. நீச்சல் குளம் மாதிரி வாடைன்னா அது குளோரின், அது வர்றது நல்லது. நீங்க "ஒரு மாதிரி"ன்னு எழுதியிருக்கீங்க, இதுல எந்த வாடைன்னு தெரியாம இதுக்கு மேல நான் தீர்ப்பு சொல்ல முடியாது, ஆனா சாக்கடை கலந்திருக்குன்னா எப்படிக் கலக்குதுன்னு சொல்ல முடியும், இதை ஒவ்வொரு வீட்டுக்காரங்களும் தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப வருஷமா நினைச்சுகிட்டு இருக்கேன்.

பைப்புக்குள்ள தண்ணி நெறைஞ்சு அழுத்தமா இருக்கும்போது எங்க ஓட்டை இருந்தாலும் தண்ணி வெளிய போகும், வெளியில இருக்குற அசிங்கம் உள்ள வராது. நம்ம ஊர்ல காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் சப்ளை. நிறுத்தினதும் மேட்டுல இருக்குற தண்ணி பள்ளத்து வீட்டுக் குழாய் வழியா வடிஞ்சு போயிடும், பைப் காலியாகி உள்ள வெற்றிடம் மாதிரி ஆகும், அப்ப அதே ஓட்டை வழியா சுத்தியிருக்குற ஈரம் உள்ள இழுக்கும். பக்கத்துல சாக்கடை இருந்தா சாக்கடைத் தண்ணி. ராத்திரி பூரா இழுத்து வச்சதுதான் காலையில முதல் பத்து நிமிஷம் உங்க குழாய்ல வருது. இப்ப தெருவுல யாராவது லைன்லயே நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சினாங்கன்னா தண்ணி வர்ற நேரத்துலயும் இதே கதைதான், அவங்க வீட்டு சம்ப் நெறையும், பக்கத்து வீட்டுப் பைப்புல சாக்கடை ஏறும். ஒத்த மாடி வீட்டுக்கு ஏழு மீட்டர், ரெண்டு மாடிக்கு பன்னெண்டு மீட்டர் உயரத்துக்கு ஏறுற அழுத்தம் தெருக் குழாய்ல இருக்கணும்னு நாங்க வேலை பாத்த காலத்துல கணக்கு, கடைசி வீட்டுல பல இடத்துல அது இருக்குறதில்ல, அதனால மோட்டார் வைக்கிறாங்க, மோட்டார் வைக்கிறதால இன்னும் குறையுது, அடுத்தவங்களும் வைக்கிறாங்க. மோட்டார் வச்சவங்களைத் திட்ட எனக்கு மனசு வராது, ஆனா கைக்குழந்தை இருக்குற தெருவுல நாலு பேர் கூடிப் பேசி அதை நிறுத்துறதை விட வேகமா பலன் தர்ற வேலை எதுவும் எனக்குத் தெரியாது. லைன் தண்ணி தன்னால சம்புல விழட்டும், சம்புலேருந்து மாடிக்கு மோட்டார் போட்டுக்கோங்க, அதுல யாருக்கும் கெடுதல் இல்ல.

ஓட்டை எங்க இருக்கும்னு கேட்டா, மெயின் பைப்பை விட வீட்டுக்கு வர்ற சின்ன பைப்புலதான் அதிகம் பாத்திருக்கேன். நம்ம பழைய தெருக்கள்ல மெயின் பைப் ரோட்டுல போகும், வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவுல பக்க வாய்க்கால், அரை இஞ்ச் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப், அந்த வாய்க்காலுக்குள்ள பூந்துதான் வீட்டுக்கு வரணும். இருபது வருஷம் சாக்கடையில ஊறின ஜிஐ பைப் என்ன கதியில இருக்கும்னு நீங்களே யோசிங்க, கையில புடிச்சா பொரி மாதிரி உதிரும், அதையும் சைக்கிள் டியூபைச் சுத்திக் கட்டி வச்சிருப்பாங்க. தெருவுக்கு லட்சக்கணக்குல செலவு பண்ணி புது பைப் போட்டாலும், இந்த ஆறடி பைப்பை மாத்தாம பழையதையே புதுசுல இணைச்சுட்டா தண்ணி மாறாது. பெரும்பாலும் இந்தத் துண்டு வீட்டுக்காரங்க பொறுப்புலதான் வரும். நாளைக்குக் காலையிலேயே வாசல் வாய்க்கால் மூடியைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாருங்க. பைப் சாக்கடைத் தண்ணியில முங்கிக் கிடந்தா முதல் சந்தேகம் அதுமேலதான், பிளம்பரை வச்சு வாய்க்காலுக்கு மேலயோ அடியிலயோ உறைக்குள்ள விட்டு ஹெச்டிபிஇங்கிற கெட்டி பிளாஸ்டிக் பைப்பா மாத்திடுங்க.

புது பைப் போட்டவங்க பக்கம் என்ன நடந்திருக்கணும்னும் சொல்லிடுறேன். பைப்பைப் புதைச்சதும் அழுத்தம் ஏத்தி ஜாயிண்ட் கசியுதான்னு பாக்கணும், அப்புறம் அழுக்குத் தண்ணியை வெளியேத்துற ஸ்கவர் வால்வைத் திறந்து மண்ணு, சிமெண்ட் தூள் எல்லாம் போற வரைக்கும் வேகமாத் தண்ணி விட்டுக் கழுவணும், அதுக்கப்புறம் குளோரின் தூக்கலாக் கலந்த தண்ணியை நெரப்பி ஒரு நாள் போல வச்சு, அதை வடிச்சுட்டு, சாம்பிள் எடுத்து, நல்லாயிருக்குன்னு வந்த பிறகுதான் வீடுகளுக்குத் திறக்கணும். இதுல முதல் ரெண்டும் ஓரளவு நடக்கும். மூணாவது அவசரத்துல விட்டுப்போகும், ஏன்னா ஒரு நாள் சப்ளையை நிறுத்தணும், நிறுத்தினா ஜனங்க சத்தம் போடுவாங்க. நானே ஒரு தடவை இந்தத் தப்பைப் பண்ணியிருக்கேன். திருவிழாவுக்கு முன்னாடி தண்ணி குடுத்தாகணும்னு மேல இருந்து நெருக்கினாங்க, கழுவினது போதும்னு நெனச்சு திறக்கச் சொல்லிட்டேன், அடுத்த வாரம் அந்தத் தெருவுல பதினஞ்சு வீட்டுல வயித்துப்போக்கு. ஒரு பாட்டி என்னைத் திட்டல, "தம்பி, நீ சொன்னேன்னுதான்பா குடிச்சோம்"னு மட்டும் சொன்னாங்க. அதுக்கப்புறம் சாம்பிள் ரிசல்ட் கையில வராம எந்த லைனையும் திறக்க விட்டதில்ல. உங்க தெருவுல இதெல்லாம் பண்ணாங்களா இல்லையான்னு இங்க உக்காந்துகிட்டு என்னால சொல்ல முடியாது, கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு, கேளுங்க.

அந்த வால்வ்மேனைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா அவர் மேல உங்களுக்குக் கோவம் இருக்கு. பல ஊர்ல பூமிக்கு அடியில என்ன இருக்குங்கிற முழு வரைபடம் ஆபீஸ்ல கிடையாது, அது இந்த மாதிரி நாலஞ்சு பேர் தலைக்குள்ளதான் இருக்கு. என்கூட வேலை செஞ்ச ஒரு பெரியவர், தார் போட்டு மூடிப்போன வால்வை கோயில் வேப்பமரத்துலேருந்து அடி எண்ணி "இங்க தோண்டு"ன்னு சொல்வாரு, ஒரு சாண் தப்பாது. எந்த வால்வுக்கு எத்தனை சுத்து, எது எதிர்ப்பக்கமா மூடுறது எல்லாம் மனப்பாடம். வேகமா மூடினா ஓடிவந்த தண்ணி முட்டி அடுத்த தெருவுல ஜாயிண்ட் தெறிச்சிடும், அதனால மெதுவா, எண்ணி எண்ணித்தான் மூடுவாரு. ராத்திரி ஊர் அடங்கினதும் ஒரு இரும்புக் கம்பியை வால்வு மேல ஊனி மறுமுனையைக் காதுல வச்சுக் கேட்டு, எந்தப் பக்கம் கசியுதுன்னு சொல்லிடுவாரு. அவர் ஓய்வு பெற்ற அன்னைக்கு மாலை போட்டு அனுப்பினோம், ஒரு நோட்டுல எழுதி வாங்கிக்கணும்னு யாருக்கும் தோணல, எனக்கும் தோணல, அதை நினைச்சா இன்னைக்கும் வருத்தமா இருக்கு. இப்ப பல இடத்துல அந்த வேலைக்கு கான்ட்ராக்ட்ல தம்பிங்க வர்றாங்க, சம்பளம் கம்மி, ஆறு மாசத்துல போயிடுறாங்க, பத்து நிமிஷம் திறந்து விடுங்கன்னு சொல்றதுக்கு மேல அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சப்ப கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுலதான் கரையைக் கடந்துது, கடலூர் பக்கம் பல கிராமத்துல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. கரண்ட் இல்லன்னா போர் ஓடாது, போர் ஓடலன்னா நம்ம ஊருக்குத் தண்ணியே கிடையாது. ஒரு ஜெனரேட்டரை ஒரு பம்ப் ஹவுஸ்ல ரெண்டு மணி நேரம் ஓட்டி, லாரியில ஏத்தி, விழுந்து கிடந்த மரத்தை வெட்டிகிட்டே அடுத்த பம்ப் ஹவுஸுக்குக் கொண்டு போனோம். எங்க பம்ப் ஆபரேட்டர் ஒருத்தர் வீட்டுக் கூரை பறந்து போச்சு, மூணு நாள் கழிச்சுத்தான் அவர் வீட்டுக்கே போனார். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுதே, அப்ப நான் வேலையில இல்ல, ஆனா வேலையில இருக்குற பசங்க போன் பண்ணிக் கேட்டாங்க, நான் சொன்னது ஒண்ணுதான், வால்வுக் குழி எல்லாம் முங்கியிருக்கும், பைப் காலியா இருந்த நேரத்துல வெள்ளத்தை உறிஞ்சியிருக்கும், முதல் சப்ளையைக் குளோரின் ஏத்தி விட்டு எல்லாரையும் கீழ ஊத்தச் சொல்லுங்கன்னு. மழை வெள்ளம் வடிஞ்ச பிறகு வர்ற முதல் தண்ணிக்கு இது எப்பவும் பொருந்தும், நீங்களும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஜனங்ககிட்ட சொல்றதுங்கிற விஷயத்துல எங்க ஆளுங்க பக்கம் பெரிய குறை உண்டு. பைப் போடுறதுக்கு முன்னாடி உங்க தெருவுலயும் ஒரு கூட்டம் போட்டிருப்பாங்க, பகல் பதினோரு மணிக்கு, கல்யாண மண்டபத்துல, பேனர் கட்டி, ஒத்துழைப்பு தாங்கன்னு பேசியிருப்பாங்க. அந்த நேரத்துல தண்ணி புடிக்கிற பொம்பளைங்க யாரும் வரமுடியாது, வந்து உக்காந்திருக்குறவங்களுக்கு வீட்டுல எத்தனை மணிக்குத் தண்ணி வருதுன்னே தெரியாது. நாங்க பல வருஷம் இப்படித்தான் பண்ணோம். அப்புறம் ஒரு தடவை காலையில ஆறு மணிக்கு, தண்ணி வர்ற நேரத்துல, குளோரின் பாக்குற சின்ன டெஸ்ட் கிட்டோட தெருக் கடைசி வீட்டு வாசல்ல போய் நின்னோம். குழாய்த் தண்ணியை டெஸ்ட் டியூப்ல புடிச்சு மருந்து போட்டா குளோரின் இருந்தா கலர் மாறும், இல்லன்னா மாறாது, அவ்வளவுதான். அன்னைக்கு அந்த வீட்டுல மாறல. சுத்தி நின்னவங்க முகத்தைப் பாத்து நாங்க ஒண்ணும் மறைக்க முடியல, காரணத்தைத் தேடினோம், ரெண்டு வீடு தள்ளி உடைஞ்ச பைப் ஒண்ணு கிடைச்சுது. அந்தத் தெருவுல அதுக்கப்புறம் ஏதாவது ஆச்சுன்னா எங்களுக்கு முன்னாடி அவங்களே கண்டுபுடிச்சு, நேரம் போட்டு, எந்தெந்த வீடுன்னு எழுதிக் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒடிசாவுல இதை ஒரு முறையாவே வச்சிருக்காங்க, மகளிர் குழுவுல இருக்குறவங்களை ஜலசாத்தின்னு போட்டு வீடு வீடா மீட்டர் பாக்குறது, தண்ணி டெஸ்ட் பண்ணிக் காட்டுறது, பில் வாங்குறது எல்லாம் அவங்கதான், பூரி நகரத்துல 2021-லயே 24 மணி நேரமும் குழாய்ல நேராக் குடிக்கிற தண்ணி குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. கிராமங்கள்ல ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பெண்களுக்கு டெஸ்ட் கிட் பயிற்சி குடுக்கணும்னு இருக்கு. நகரத்துலயும் வார்டுக்கு வார்டு வரணும்னு ரொம்ப ஆசைப்படுறேன்.

ஆர்ஓ விஷயத்துக்கு வர்றேன். நிறைய பேர் டிடிஎஸ் பேனா ஒண்ணு வாங்கி வச்சுகிட்டு 300 காட்டுது நல்ல தண்ணி, 900 காட்டுது கெட்ட தண்ணின்னு முடிவு பண்றாங்க. டிடிஎஸ்ங்கிறது கரைஞ்சிருக்குற உப்பு மட்டும்தான். இந்தியத் தரநிலையில லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழி இல்லன்னா 2000 வரைக்கும் ஏத்துக்கலாம்னு இருக்கு. கிருமி இருக்கா இல்லையான்னு அந்தப் பேனாவுக்குத் தெரியாது, சாக்கடை கலந்த தண்ணிகூட 400 காட்டும். கிருமிக்குப் பாக்க வேண்டியது ரெண்டு, 100 மில்லி தண்ணியில அசுத்தம் கலந்திருக்குறதைக் காட்டுற கோலிஃபார்ம் கிருமி ஒண்ணுகூட இருக்கக் கூடாது, குழாய்ல லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கணும். உங்க தண்ணி உப்புக் கரிக்கலைன்னா ஆர்ஓ தேவையில்லன்னுதான் நான் சொல்வேன், ஒரு லிட்டர் குடுக்க ரெண்டு மூணு லிட்டரைக் கீழ விடுற மெஷின் அது, நிலத்தடித் தண்ணியை மட்டும் நம்பியிருக்குற ஊர்ல மனசு கேக்கல. உண்மையிலேயே உப்பு 2000-ஐத் தாண்டியிருந்தா வேற கதை, அப்ப வைங்க, கழிவுத் தண்ணியை பாத்ரூம் கழுவவாவது புடிச்சு வைங்க. கேன் தண்ணி வாங்கினா மூடி சீல், தேதி, ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, கடை வாசல்ல வெயில்ல கிடந்த கேனை வாங்காதீங்க.

இப்போதைக்கு நீங்க பண்ண வேண்டியது என்னன்னா, குழந்தைக்குக் குடுக்குற தண்ணி, பால் கலக்குற தண்ணி, டம்ளர் கழுவுற தண்ணி எல்லாத்தையும் தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிக்க வச்சு ஆறவிட்டுப் பயன்படுத்துங்க, கிருமிக்கு அது போதும். பாட்டில் சோதனையில சாக்கடை வாடைன்னு தெரிஞ்சா கொதிக்க வச்சும் வேண்டாம், வேற தண்ணிதான். முதல் பத்து நிமிஷத் தண்ணியைக் கீழ விடாம தனி டிரம்முல புடிச்சு வாசல் கழுவ, கழிவறைக்கு வச்சுக்கோங்க. சம்பும் மாடி டேங்கும் கடைசியா எப்பக் கழுவினீங்கன்னு யோசிங்க, கலங்கல் பூரா இப்ப அங்கதான் போய்ப் படிஞ்சிருக்கும். குடிக்க மட்டும் டேங்குக்கு முன்னாடியே லைன்லேருந்து நேரா ஒரு குழாய் வச்சுக்கோங்க. அப்புறம் மூணு நாள் ஒரு தாள்ல எழுதுங்க, எத்தனை மணிக்கு வந்துது, என்ன கலர், என்ன வாடை, எத்தனை நிமிஷத்துல தெளிஞ்சுது, எதிர்வீடு பக்கத்து வீடு எல்லாம் எப்படி. உங்க வீட்டுல மட்டும்னா உங்க வாய்க்கால் பைப், வரிசையா நாலு வீட்டுலன்னா மெயின் ஜாயிண்ட், தெரு பூரான்னா சரியாக் கழுவாம திறந்திருக்காங்க. அந்தத் தாளோட ஜேஇ-யை, அதாவது குடிநீர் ஆபீஸ் ஜூனியர் இன்ஜினியரைப் போய்ப் பாருங்க, "தண்ணி சரியில்ல சார்"னு பொதுவாச் சொல்லாம, ஸ்கவர் வால்வு எப்ப சார் திறந்தீங்க, சாம்பிள் ரிசல்ட் என்ன, எங்க தெருக் கடைசி வீட்டுல குளோரின் எவ்வளவு இருக்கு, காலையில ஆள் அனுப்பி எங்க முன்னாடி பாருங்கன்னு கேளுங்க. வால்வ்மேனையும் ஒரு நாள் நிக்க வச்சு ஒரு டீ குடுத்து, புது பைப் போடுறதுக்கு முன்னாடி இந்தத் தெருவுல எந்தப் பக்கமாத் தண்ணி வந்துச்சு, இப்ப எந்தப் பக்கமா வருதுன்னு கேட்டுப் பாருங்க. பாட்டில்ல என்ன படிஞ்சுது, வாய்க்காலுக்குள்ள பைப் எப்படி இருக்குன்னு பாத்துட்டு இங்கயே எழுதுங்க, அதுக்கு மேல என்ன பண்ணலாம்னு சொல்றேன்.